எந்த ஊரில் வேலை வளர்கிறது? அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"எந்த ஊருக்குப் போனால் வேலை கிடைக்கும்?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள், பெரும்பாலும் அவரவர் இருக்கும் ஊரை. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள பி.எல்.எஸ். (Bureau of Labor Statistics) என்ற புள்ளிவிவர அமைப்பு மாதாமாதம் மெட்ரோ வாரியாக வேலைக் கணக்கு வெளியிடுகிறது. இலவசம்தான், அதைப் பாருங்கள்.

மெட்ரோ என்பது ஒரு பெரிய ஊரும் அங்கே தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்கள் வசிக்கும் கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) சேர்ந்தது. நம்மவர்கள் நிறைய இருக்கும் ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் எல்லாம் டாலஸ்–ஃபோர்ட் வொர்த் கணக்கில் வரும். ஆனால் சான் ஃபிரான்சிஸ்கோவும் சான் ஹோசேயும் தனித்தனி மெட்ரோக்கள். வட கரோலினாவின் ராலேயும் டர்ஹமும் அப்படித்தான்.

சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். டாலஸ் பகுதியில் 40 லட்சத்துக்கும் மேல் வேலைகள். அங்கே 1% கூடினாலே 40,000. இரண்டு லட்சம் வேலை உள்ள ஊர் 5% வளர்ந்தாலும் 10,000தான். போன மாதத்தோடும் ஒப்பிடாதீர்கள். பண்டிகை வியாபாரத்துக்குச் சேர்த்த ஆட்களை ஜனவரியில் கடைகள் அனுப்பிவிடும். போன வருடம் இதே மாதம் எவ்வளவு என்பதுதான் சரியான கேள்வி.

அப்புறம், எந்தத் துறை வளர்ந்தது என்று பாருங்கள். மொத்த எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். 2023, 2024இல் நாடு முழுக்கக் கூடிய வேலைகளில் பெரும்பங்கு மருத்துவத்திலும் அரசுப் பணிகளிலும். நர்ஸாக வருபவருக்கு நல்ல செய்தி, ஜாவா தெரிந்தவருக்கு அதில் ஒன்றுமில்லை.

ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்குமா? ஆர்கன்சாவில் உள்ள பென்டன்வில் பகுதி வேகமாக வளர்கிறது, வாடகையும் பெருநகரங்கள் அளவுக்கு இல்லை. ஆனால் அங்கே ஐ.டி. வேலை என்றால் பெரும்பாலும் வால்மார்ட்டும் அதைச் சுற்றியுள்ள நிறுவனங்களும்தான். பல துறை, பல கம்பெனி உள்ள மெட்ரோ கொஞ்சம் மெதுவாக வளர்ந்தாலும் பரவாயில்லை என்பேன்.

மெட்ரோ எல்லை விசாவுக்கும் முக்கியம். வேலை செய்யும் இடம் ஒரே மெட்ரோவுக்குள் மாறினால் பொதுவாகப் புது விசா மனு தேவையில்லை. தினசரி போய்வர முடியாத வேறு மெட்ரோவுக்கு மாறினால் கம்பெனி முன்கூட்டியே திருத்த மனு போட வேண்டும். 2015இலிருந்து இதில் கண்டிப்பு அதிகம். வீட்டிலிருந்து வேலை என்று ஊர் மாறுபவர்களுக்கும் இது உண்டு. பெட்டி கட்டும் முன் கம்பெனி வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

ஊரை முடிவு செய்த பிறகு, அந்த மாநிலத் தொழிலாளர் துறைத் தளத்தில் 'வார்ன்' நோட்டீஸ் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்வதானால் பொதுவாக 60 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். உங்களுக்கு ஆஃபர் கொடுத்த கம்பெனியின் பெயரே அதில் இருக்கலாம்.