இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் வங்கிக் கடனுக்குத் தயாராவது எப்படி

தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமிலிருந்து கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ திரும்பியவருக்கு கிறிப் (CRIB, இலங்கைக் கடன் தகவல் பணியகம்) அறிக்கையில், அதாவது ஒருவர் எடுத்த கடன்களின் பதிவில், ஒன்றுமே இராது. கடன் இல்லாதது நல்லதுதான். ஆனால் வங்கி முகாமையாளருக்கு அது வெற்றுத்தாள்.

முதலில் அடையாள அட்டை. இந்திய ஆவணத்தில் ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் முதலெழுத்து இருந்தால், கணக்குத் திறக்க முன்னமே திருத்துங்கள். வதிவிடச் சான்றைக் கிராம அலுவலரிடம் எடுக்கலாம்.

பிறகு, உதாரணமாக 50,000 ரூபாயை நிலையான வைப்பிலிட்டு, அதன் மேல் 30,000 ரூபாய் கடன் கேளுங்கள். வட்டி கொஞ்சம் நட்டம்தான். பதிவுக்குக் கொடுக்கும் விலை அது. கிறிப்புக்கு அறிவிப்பார்களா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். ஊர்ச் சங்கங்களில் எடுக்கும் கடன் எல்லாமே கிறிப் பதிவில் போய்ச் சேராது.

நெல்லை நம்பியிருப்பவர் மாதத் தவணை எடுத்தால் ஐப்பசி, கார்த்திகையில் கை வறண்டு பிந்துவார். பெரும்போக அறுவடைக்குப் பின் கட்டும் கடனே பொருந்தும்.

பிணை நிற்பதில்தான் பலர் விழுகிறார்கள். மச்சானின் உழவு இயந்திர லீசிங்குக்கு வைத்த கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் நிற்கும். அவர் கட்டாவிட்டால் கடிதம் உங்கள் வீட்டுக்கும் வரும். கடனை முடித்ததும் முடிவுக் கடிதத்தை வாங்கி வையுங்கள்.