பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறீர்களா? டாய்லெட் மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வெளிநாடு வந்த புதிதில் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி) வாங்குகிற நம்மவர்கள் இன்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள், கூரை ஒழுகுகிறதா என்று விசாரிக்கிறார்கள். டாய்லெட்டை மட்டும் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் பயணத்தின் இரண்டாம் இரவில், கோப்பையில் நின்ற தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. விடியற்காலையில் அடித்த நாற்றத்தில் குழந்தைகள் எழுந்துவிட்டார்கள். அந்த டாய்லெட்டை நானே கழற்றி, நானே மாற்றினேன். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், உங்களுக்கு உதவும்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். வீட்டு டாய்லெட்டில் வளைந்த குழாய்க்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் வாடையை மேலே வரவிடாமல் தடுக்கிறது. வண்டி டாய்லெட் பெரும்பாலானவற்றில் அந்த வளைவு கிடையாது. கோப்பைக்கும் கழிவுத் தொட்டிக்கும் நடுவே இருப்பது திறந்து மூடும் ஒரு தகடும் அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமும்தான். அந்த ரப்பர் காய்ந்தாலோ, அதன் அடியில் சின்னதாக ஏதாவது ஒட்டிக்கொண்டாலோ தண்ணீர் வடிந்துவிடும், வாடை ஏறிவிடும்.

அதனால் புதியது வாங்க ஓடாதீர்கள், முதலில் சோதித்துப் பாருங்கள். இரவு படுக்கும் முன் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குறைந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த ரப்பர் வளையம். தகட்டைத் திறந்து, வளையத்தின் அடிப்பக்கத்தை மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கும். தரையில் தண்ணீர் தேங்கினால் அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். யாரும் பயன்படுத்தாதபோதும் வண்டியின் தண்ணீர் பம்ப் ஓடினால் கசிகிறதா? டாய்லெட்டின் பின்பக்கம் தண்ணீர் விடும் வால்வையும் குழாய் இணைப்பையும் பாருங்கள். ஃபிளஷ் செய்யும்போது மட்டும் அடியிலிருந்து கசிகிறதா? தரையோடு சேரும் இடத்தில் உள்ள சீல் போயிருக்கலாம். இவை எல்லாமே தனித்தனியாக மாற்றக்கூடிய பாகங்கள். கோப்பையில் விரிசல், ஃபிளஷ் செய்ய மிதிக்கும் பெடல் உடைந்து போனது, பாகம் கிடைக்காத பழைய மாடல் என்றால்தான் முழு டாய்லெட்டையும் மாற்ற வேண்டும்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது? வட அமெரிக்க வண்டிகளில் பொதுவாக டாய்லெட்டுக்குக் கீழே நிலையான ஒரு தொட்டி இருக்கும், அதற்கு பிளாக் டேங்க் என்று பெயர். ஐரோப்பிய வண்டிகளில் அதிகம் காண்பது கேசட். வெளிச்சுவரில் உள்ள சின்னக் கதவைத் திறந்து தொட்டியையே பெட்டி போல உருவி எடுத்துப்போய்க் கொட்டலாம். கேசட் வகையில் மாடலுக்கு மாடல் அளவு மாறும், ஒன்றின் தொட்டி இன்னொன்றில் பொருந்தாது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தெட்ஃபோர்ட் போன்ற நிறுவனங்கள் தொட்டியையும் இருக்கையையும் மட்டும் புதிதாக மாற்றும் தொகுப்பு விற்கின்றன. பல நேரம் அதுவே போதும்.

மூன்றாவதாக, தண்ணீரே தேவைப்படாத பிரிப்பு டாய்லெட் இப்போது பேசப்படுகிறது. சிறுநீர் ஒரு கலனுக்கும் திடக்கழிவு இன்னொன்றுக்கும் போகும், திடக்கழிவு உலர்ந்தே இருக்க வேண்டும். தண்ணீரால் கழுவுபவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். கழுவும் தண்ணீர் தவறான பக்கம் போனால் மொத்த ஏற்பாடும் கெட்டுவிடும். அவர்களுக்கு நிலையான தொட்டி உள்ள வகைதான் சௌகரியம், ஏனென்றால் தண்ணீர் கூடுதலாகப் போவது அந்தத் தொட்டிக்கு நல்லதே, கழிவு கரைந்து ஓடும். கை ஸ்பிரேயரோடு வரும் மாடல்களும் உண்டு. நீங்களாக ஸ்பிரேயர் பொருத்தினால் அதற்கு முன்னால் ஒரு மூடும் வால்வு வையுங்கள், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் மெல்லிய குழாய் என்றாவது பிய்த்துக்கொள்ளும். கேசட்டில் கொள்ளளவு பெரும்பாலும் 20 லிட்டருக்குள்தான் இருக்கும். கழுவும் தண்ணீரும் சேர்ந்தால் இருவர் இருக்கும் வண்டியில் அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

பீங்கானா பிளாஸ்டிக்கா? மாதக்கணக்கில் வண்டியிலேயே இருப்பவர்கள் பீங்கான் வாங்குங்கள், கீறல் விழாது, தேய்த்தால் பளிச்சென்று ஆகும். விடுமுறைக்கு மட்டும் என்றால் பிளாஸ்டிக் போதும், எடை பாதிக்கும் குறைவு.

இனி அளவு. தரையில் இருக்கும் ஓட்டையின் நடுவிலிருந்து பின்சுவர் வரை எவ்வளவு தூரம் என்பதுதான் முதல் அளவு. கடையில் இதை 'ரஃப்-இன்' என்பார்கள். வண்டி டாய்லெட்களில் பல 11 அங்குலத்துக்குச் செய்யப்பட்டவை. இரண்டாவது உயரம். உயரமான மாடலில் இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருக்கும், தாழ்வானதில் 13, 14. உங்கள் டாய்லெட் ஒரு மேடையின் மேல் இருந்தால் தாழ்வானதைத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. இவற்றையெல்லாம் நான் ஒழுங்காக அளந்தேன். ஆனால் பெடல் எந்தப் பக்கம் என்று பார்க்க மறந்துவிட்டேன். புதியதைக் கொண்டுவந்து வைத்தால் பெடல் அலமாரிக்குள் முட்டி நின்றது, பாதம் நுழைய இடமில்லை. திருப்பி அனுப்பி, வேறொன்று வரும்வரை பத்து நாள் காத்திருந்தோம். அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: நிறுவனத்தின் தளத்தில் உள்ள வரைபடத்தை வைத்து, அடிப்பாகத்தை அட்டையில் வெட்டி, தரையில் போட்டு, பெடல் வரும் இடத்தில் குறிபோட்டு, கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிடுவது. அரை மணி நேர வேலைதான்.

கழற்றும் நாளுக்கு முன்பே தொட்டியைக் கழிவு கொட்டும் நிலையத்தில் காலிசெய்து, தண்ணீர் விட்டு ஒன்றிரண்டு முறை அலசிவிடுங்கள். பம்பை நிறுத்தி, வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் மூடி, பெடலை மிதித்து மிச்ச அழுத்தத்தை விடுங்கள். கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி இரண்டும் வேண்டும். ஜன்னல், கூரைத் திறப்பு எல்லாம் திறந்திருக்கட்டும். தொட்டியிலிருந்து வருவது வெறும் நாற்றம் இல்லை, அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் இருக்கலாம். அடுப்பை அணைத்துவிடுங்கள், பக்கத்தில் யாரும் புகைக்கக் கூடாது.

தண்ணீர்க் குழாயைக் கழற்றும்போது ஒரு துண்டைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் நட்டுகள் துரு ஏறி இருந்தால் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், முரட்டுத்தனமாகத் திருகினால் தரையில் உள்ள பிளாஸ்டிக் ஃபிளேஞ்ச் (டாய்லெட்டைத் தரையோடு பிணைக்கும் வளையம்) உடைந்துவிடும். டாய்லெட்டை நேராக மேலே தூக்குங்கள். தூக்கிய உடனே ஒரு பழைய துணியைப் பெரிய பந்தாகச் சுருட்டி ஓட்டையில் அடையுங்கள், ஒரு முனை வெளியே தொங்கட்டும். ஒரு நட்டு உள்ளே விழுந்துவிட்டால் எடுப்பது பெரிய பாடு.

இப்போது அவசரப்படாதீர்கள். பழைய சீலைச் சுரண்டி எடுத்த பிறகு, ஃபிளேஞ்சைச் சுற்றியுள்ள தரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். என் வண்டியில் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரம் பஞ்சுபோல் அமுங்கியது. எத்தனையோ மாதமாகச் சொட்டிய தண்ணீர். அதை வெட்டி எடுத்து, காயவிட்டு, புதுப் பலகை பொருத்திய பிறகுதான் டாய்லெட்டை வைத்தேன். நனைந்த மரத்தின் மேல் எந்த டாய்லெட்டும் ஆடாமல் நிற்காது. ஃபிளேஞ்ச் தரைமட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். தாழ்ந்திருந்தால் சீல் சரியாக அமுங்காது.

வீட்டு டாய்லெட்டுக்குப் போடும் மெழுகு வளையத்தை இங்கே போடாதீர்கள். ஓடும் வண்டியின் அதிர்விலும் வெயில் சூட்டிலும் அது நெகிழ்ந்துவிடும். டாய்லெட்டோடு வரும் ரப்பர் சீலே சரியானது. போல்ட்டுகள் புதியவை போடுங்கள். இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு சுற்று போனால் பீங்கான் விரிசல் விடும். குழாய் இணைப்பின் பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே இறுக்கினால் போதும்.

பிறகு பம்பைப் போட்டு, காய்ந்த டிஷ்யூ தாளை ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தாள் காட்டிவிடும். கோப்பையில் தண்ணீர் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். முதல் நீண்ட பயணத்துக்குப் பிறகு நட்டுகளை மறுபடி சோதியுங்கள்.

பயன்பாட்டில் சில விஷயங்கள். நிலையான தொட்டியின் வெளி வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய், கழிவு கீழே குவிந்து கெட்டியாகிவிடும். வீட்டில் பயன்படுத்தும் கடுமையான கிளீனர்கள் ரப்பரைக் கெடுக்கும். சாலையோர வடிகாலில் எக்காரணம் கொண்டும் கொட்டாதீர்கள், அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள்.

வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு யாரும் சொல்லாமல் விடுவது குளிர்காலத்தைத்தான். டாய்லெட்டின் தண்ணீர் வால்வுக்குள் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் உறைந்தாலே பிளாஸ்டிக் பிளந்துவிடும். வசந்தத்தில் பம்பைப் போட்டதும் பின்பக்கம் பீய்ச்சியடிக்கும்போதுதான் தெரியும். உறைபனிக்கு முன் குழாய்களைக் காலிசெய்து, பெடலை மிதித்து வால்வில் உள்ளதையும் வடித்துவிடுங்கள். உறைதடுப்புத் திரவம் விடுவதாக இருந்தால் மோட்டார்ஹோம் குடிநீர்க் குழாய்க்கென்று விற்கும் புரோப்பிலீன் கிளைக்கால் வகையை மட்டும் கேட்டு வாங்குங்கள். கார் இன்ஜினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், பக்கத்து அலமாரியிலேயே இருக்கும், லேபிளைப் படித்து எடுங்கள்.