செத்த பேட்டரியில் எரியும் டார்ச்: எங்கே சறுக்குகிறோம்?

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பேட்டரியை விரலால் உருட்டிப் பார்ப்போம், அப்புறம் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்போம், கடைசியில் தூக்கிப் போடுவோம். போடுவதற்கு முன் ஒருமுறை மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 1.1 வோல்ட், சில நேரம் 1.2 கூடக் காட்டும். புதிய ஆல்கலைன் பேட்டரியே ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலேதான். அப்படியென்றால் உள்ளே இன்னும் சரக்கு இருக்கிறது. கருவிக்கு அந்த வோல்டேஜ் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்த மிச்சத்தைக் கறக்க ஒரு குட்டிச் சுற்று உண்டு. ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு கம்பிகள் சுருளாகச் சுற்றிய ஒரு ஃபெரைட் (காந்தத்தன்மையுள்ள பீங்கான் போன்ற பொருள்) வளையம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு வெள்ளை எல்.இ.டி. இதற்கு ‘ஜூல் தீஃப்’ என்று பெயர். ஆங்கிலத்தில் நகைத் திருடனைக் குறிக்கும் சொல்லோடு சிலேடையாக வைத்த பெயர். இந்தத் திருடன் எடுப்பது ஜூல், அதாவது ஆற்றல். 1999 நவம்பரில் ஒரு பிரிட்டிஷ் எலக்ட்ரானிக்ஸ் இதழில் இந்த வடிவம் வெளிவந்த பிறகு வீட்டில் செய்து பார்ப்பவர்களிடையே பரவலானது.

வெள்ளை எல்.இ.டி. எரியச் சுமார் 3 வோல்ட் வேண்டும். ஒரு வோல்ட்டில் இருந்து மூன்றை எப்படி எடுப்பது? வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் ‘டொக்’ என்று அதிரும் இல்லையா, அதே கதைதான். டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. அது சட்டென்று மூடும்போது சுருள் தன் வேகத்தை விடாமல் தள்ளுகிறது, வோல்டேஜ் எகிறுகிறது, எல்.இ.டி. பளிச்சிடுகிறது. வினாடிக்குப் பல ஆயிரம் தடவை இது நடப்பதால் கண்ணுக்கு விட்டுவிட்டு எரிவது தெரியாது.

மொத்தம் நான்கே பாகங்கள். ஆனாலும் முதல் முயற்சியில் எரிந்தது என்று சொல்பவர்கள் குறைவு. நான் பார்த்த வரையில் பாதித் தவறுகள் ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன: செத்த பேட்டரியை நாம் ‘சின்ன நல்ல பேட்டரி’ என்று எண்ணிக்கொள்கிறோம். அது அப்படி இல்லை. அதற்கு வோல்டேஜும் குறைவு, உள்தடையும், அதாவது பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தை மறிக்கும் தடையும், அதிகம். பலர் முதல் நோயை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பேட்டரியை அளப்பதிலேயே இது தொடங்கிவிடுகிறது. சும்மா கிடக்கும் பேட்டரியில் மீட்டரை வைத்தால் வரும் எண் ஏமாற்றும். ஓய்வெடுத்த பேட்டரி கொஞ்சம் தெம்பு வந்தது போலக் காட்டும். ஒரு 10 ஓம் ரெசிஸ்டரை இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து, சில வினாடி கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பேட்டரி சும்மா இருக்கும்போது 1.25 வோல்ட் காட்டி, ரெசிஸ்டரை வைத்ததும் 0.7க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடுவது 70 மில்லி ஆம்பியர், உள்ளேயே தொலைவது 0.55 வோல்ட். அப்படியானால் உள்தடை கிட்டத்தட்ட 8 ஓம். இன்னொன்று 1.1 காட்டி 1.0க்கு மட்டும் இறங்குகிறது. அதன் உள்தடை 1 ஓம்தான். எண்ணைப் பார்த்தால் முதலாவது நல்லது, வேலைக்கு இரண்டாவதுதான் நல்லது. பழைய பேட்டரி டப்பாவை ஒருமுறை இப்படிச் சலித்து வைத்துக்கொண்டால் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி போய்விடும்.

அடுத்தது, ‘ஒன்று போதாது, மூன்றைச் சேர்த்துப் போடுவோம்’ என்ற ஆசை. வரிசையாகக் கோர்த்த மூன்றில் ஒன்று எப்போதும் மற்றவற்றைவிட முந்தித் தீரும். தீர்ந்த பிறகும் மற்ற இரண்டும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளும்போது அதன் முனைகள் தலைகீழாகி, உள்ளே வாயு உண்டாகி, கசிய ஆரம்பிக்கும். ஆல்கலைன் பேட்டரியில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கண்ணில் படக் கூடாது, தோலிலும் படக் கூடாது. ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். கசிந்துவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, வினிகரில் நனைத்த துணியால் துடையுங்கள். இந்தச் சுற்றின் அழகே ஒற்றைப் பேட்டரியில் ஓடுவதுதான். அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேட்டரி பற்றி இன்னும் ஒன்று. லித்தியம் அயான் பேட்டரியை இதில் போடவே போடாதீர்கள். சுமார் இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே உறிஞ்சிய லித்தியம் அயான் உள்ளுக்குள் கெடும், பிறகு சார்ஜ் ஏற்றும்போது ஆபத்தாகலாம். சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரிக்கும் இவ்வளவு ஆழமாக உறிஞ்சுவது ஆயுளைக் குறைக்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பேட்டரிக்குத்தான் இந்த வைத்தியம்.

சுருளில் தொலையும் மாலைகள்

ஒரு மாலை முழுவதும் எனக்கு இதில் போயிருக்கிறது. எல்லாம் சரியாக இணைத்தாகிவிட்டது, எல்.இ.டி. மட்டும் எரியவில்லை. எல்.இ.டி.யை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், பேட்டரியைக்கூடப் புதிதாகப் போட்டேன். கடைசியில் பார்த்தால் கம்பி முனையில் எனாமல் அப்படியே இருந்தது. சுருள் கம்பி வெறும் செம்பு போலத்தான் மின்னும், ஆனால் மேலே கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கும். ஈயம் அதைச் சுற்றி அழகாகக் குமிழ் கட்டி நிற்கும், உள்ளே தொடர்பே இருக்காது. முனையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுற்றிலும் சுரண்டுங்கள், நிறம் இளஞ்சிவப்பாக மாறும். மீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில் வைத்து ‘பீப்’ கேட்ட பிறகே சால்டரிங் அயர்னை எடுங்கள்.

எனாமலைவிடப் பெரிய பொறி, சுற்றும் திசை. இரண்டு சுருள்களில் ஒன்று எல்.இ.டி.க்கு வேலை செய்கிறது, மற்றது டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் (கலெக்டர், பேஸ், எமிட்டர்) நடுவே உள்ள பேஸைத் தட்டி அதைத் திறந்து மூடுகிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்க வேண்டும். அதற்கு ஒரு சுருளின் தொடக்கமும் மற்றதன் முடிவும் சேர்ந்து பேட்டரியின் பாசிட்டிவுக்குப் போக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ள முயல்வதைவிட இரண்டு நிறக் கம்பிகளை எடுத்துக்கொள்வது மேல். சிவப்பும் பச்சையும் என்று வைப்போம். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வளையத்தில் 12 முதல் 20 சுற்று சுற்றுங்கள். ஒரு பக்கத்தில் சிவப்பும் பச்சையும், மறு பக்கத்திலும் சிவப்பும் பச்சையும் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்துச் சிவப்பையும் அந்தப் பக்கத்துப் பச்சையையும் முறுக்கிச் சேருங்கள், அது பாசிட்டிவுக்கு. மிச்சமுள்ள இரண்டில் ஒன்று நேராகக் கலெக்டருக்கு, இன்னொன்று ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்கு. எமிட்டர் நெகட்டிவுக்கு. எல்.இ.டி.யின் நீளக் கால் கலெக்டருக்கு, குட்டைக் கால் எமிட்டருக்கு.

திசை மாறினால் என்ன ஆகும்? எதுவும் வெடிக்காது. எல்.இ.டி. எரியாது, ஆனால் டிரான்சிஸ்டர் பாதி திறந்தபடியே நின்று பல பத்து மில்லி ஆம்பியரைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருக்கும். ‘ஏன் எரியவில்லை’ என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் பேட்டரியின் மிச்ச உயிரும் போய்விடும். அதனால் முதல் சோதனையை மட்டும் நல்ல பேட்டரியில் செய்யுங்கள். எரியவில்லை என்றால் ஒரு சுருளின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். இரண்டு சுருளையும் மாற்றினால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

வளையம் ஃபெரைட்டாக இருக்க வேண்டும். ஆணி, போல்ட், இரும்பு வாஷர் எதுவும் உதவாது. இவ்வளவு வேகமான துடிப்பில் திட இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகி ஆற்றல் வெறும் சூடாகப் போய்விடும். கணினி மின்வழங்கியில் கிடைக்கும் மஞ்சள் வெள்ளை வளையம் இரும்புத் துகள் வகை. அதே எண்ணிக்கையில் சுற்றினால் சரிப்பட்டு வராது. எரிந்துபோன சி.எஃப்.எல். விளக்கின் போர்டில் உள்ள சின்ன வளையம் அருமையானது. ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயை உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டரும் விளக்கைக் கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் அதிர்ச்சி கொடுக்கும் அளவுக்கு வோல்டேஜ் வைத்திருக்கும். பொறுத்திருந்து, அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

டிரான்சிஸ்டரின் கால்கள்

பிசி 547 என்ற டிரான்சிஸ்டரைத் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904இல் அப்படியே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். 2222 வகை இன்னும் மோசம். பிஎன் 2222ஏ ஒரு வரிசை, பி2என் 2222ஏ அதற்கு நேர் எதிர். எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். கலெக்டரும் எமிட்டரும் மாறினாலும் டிரான்சிஸ்டர் ஏதோ அரைகுறையாக வேலை செய்யும் என்பதால் சந்தேகம் அதன் மேல் எளிதில் வராது. தரவுத் தாளைப் பாருங்கள், அல்லது மீட்டரில் எச்.எஃப்.இ. (டிரான்சிஸ்டரின் பெருக்கத்தை அளக்கும்) துளை இருந்தால் அதில் செருகிப் பாருங்கள். சரியான வரிசையில் செருகும்போதுதான் பெரிய எண் வரும். வெளிச்சம் கூடுதலாக வேண்டுமென்றால் 100 மில்லி ஆம்பியர் மட்டுமே தாங்கும் பிசி 547க்குப் பதில் பிசி 337 நல்ல தேர்வு.

எல்.இ.டி. இல்லாமல் சுற்றை ஓட விடாதீர்கள். சுருள் தள்ளும் மின்னோட்டம் எங்காவது போயாக வேண்டும். வழி இல்லையென்றால் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய் டிரான்சிஸ்டரின் பேஸ் சந்திப்பை எதிர்த் திசையில் உடைக்கும். டிரான்சிஸ்டர் உடனே சாகாது, மெல்ல மெல்ல மந்தமாகும். நேற்று பிரகாசமாக எரிந்தது இன்று மங்கலாக எரிந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளிச்சத்தை நம்புங்கள், மீட்டரை நம்பாதீர்கள்

எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கும்போது அதன் குறுக்கே மீட்டரை வைத்தால் 1 வோல்ட் என்று காட்டும். 3 வோல்ட் இல்லாமல் எரியாத விளக்கு எப்படி எரிகிறது என்று தலையைச் சொறிவோம். மீட்டர் காட்டுவது சராசரி. சுருளின் குறுக்கே உள்ள வோல்டேஜ் ஏறி இறங்கிச் சராசரியில் பூஜ்ஜியமாகிவிடுவதால், எல்.இ.டி.யில் தெரிவது கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜேதான். சுற்று துடிக்கிறதா என்று அறிய எனக்குப் பிடித்த வழி, பக்கத்தில் ஒரு ஏ.எம். ரேடியோவை வைப்பது. துடித்தால் ‘உய்ங்’ என்று ஊளையிடும்.

எவ்வளவு வெளிச்சம் எதிர்பார்க்கலாம்? 0.9 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் 45 மில்லி வாட். பத்தில் ஆறு பங்கு எல்.இ.டி.க்குப் போய்ச் சேர்ந்தாலும் 9 மில்லி ஆம்பியர்தான். சாவித் துவாரம் தேட, படியில் இறங்க, புத்தகம் படிக்கப் போதும். 1 வாட் எல்.இ.டி.யைப் போட்டு முழுப் பிரகாசத்தில் எரிக்க நினைத்தால் 0.8 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கு மேல் வேண்டும். மேலே நாம் ‘நல்லது’ என்று ஒதுக்கி வைத்த பேட்டரியின் இரு முனைகளையும் நேராகச் சேர்த்தால்கூட 1.1 ஆம்பியருக்கு மேல் வராது.

அதனால் இருப்பதைச் சிந்தாமல் சேர்ப்பதுதான் வடிவமைப்பில் பெரிய வேலை. துருப்பிடித்த ஸ்பிரிங், தளர்ந்த சுவிட்ச், பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) துளைகள் எல்லாம் சேர்ந்து 1 ஓம் ஆகிவிட்டால், 100 மில்லி ஆம்பியர் ஓடும் கணத்தில் 0.1 வோல்ட் போய்விடும். 9 வோல்ட்டில் இது தூசு. 0.8 வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு. பேட்டரி முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பிகளைக் குட்டையாக வையுங்கள். சுவிட்சுக்குப் பின்னால், சுருளுக்குப் பக்கத்தில், பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையே 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. சுருள் குடிக்கும் பெரிய பெரிய மடக்குகளை அது தாங்கிக்கொள்ளும், பேட்டரி சீராகச் சொட்டிக்கொண்டிருந்தால் போதும். உள்தடை அதிகமான பேட்டரியில் இந்த ஒரு பாகம் செய்யும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

வெளிச்சம் சீராக வர எல்.இ.டி.க்கு முன்னால் டயோடும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) இன்னொரு கெபாசிட்டரும் போடுபவர்கள் 1என் 4007 என்ற சாதாரண டயோடைக் கையில் எடுக்கிறார்கள், எங்கும் கிடைப்பதால். அது மெதுவான சுவர் மின்சாரத்துக்காகச் செய்தது, இந்த வேகத்துக்கு மூடித் திறக்காது. 1என் 5817 போன்ற, வேகமாக மூடித் திறக்கும் ஷாட்கி வகை டயோடு போடுங்கள். இல்லையென்றால் எதுவும் வேண்டாம், எல்.இ.டி. தானே ஒரு டயோடுதான்.

ரெசிஸ்டரைக் குறைத்தால் வெளிச்சம் கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும். 1 கிலோ ஓமோடு தொடங்கி, ஒரு மாறும் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துத் திருகிப் பார்த்து உங்கள் கண்ணுக்குப் போதுமான இடத்தில் நிறுத்துங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும் சுற்று 0.5 வோல்ட் வாக்கில்கூடத் தாக்குப்பிடிக்கும், ஆனால் நின்ற சுற்று மறுபடி கிளம்ப 0.6, 0.7 வேண்டும். சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸ் அதற்குக் கீழே திறப்பதில்லை. மேசையில் இரவெல்லாம் எரியவிட்டு ‘இன்னும் எரிகிறதே’ என்று மகிழ்ந்துவிட்டு, அணைத்து அலமாரியில் வைத்த டார்ச், மின்சாரம் போன அன்று கையில் எடுத்தால் எரியாது. சோதிக்கும்போது அணைத்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி போட்டுப் பாருங்கள். அந்தச் சோதனையில் தோற்ற பேட்டரியை உள்ளே விட்டுவைக்காமல் அன்றே கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங்கும் போகும்.