எழுத்து நின்றுபோகும்போது செய்யும் தவறுகள்

எழுத உட்கார்ந்தும் ஒரு வரிகூட நகராத நிலைக்கு ஆங்கிலத்தில் 'ரைட்டர்ஸ் பிளாக்' என்ற பெயரை 1940களில் வழங்கியவர், ஆஸ்திரிய உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர். அவர் இதன் வேரை எழுதுபவரின் குழந்தைப் பருவத்தில் தேடினார். எழுத்து நின்றவுடன் நம்மில் பலரும் அதே போலத் தம் திறமையையோ மனத்தையோ தோண்டத் தொடங்கிவிடுகிறோம். காரணம் பெரும்பாலும் அவ்வளவு ஆழத்தில் இருப்பதில்லை. எழுதும் முறையிலேயே இருக்கிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்த பத்து மாணவர்களைப் பற்றி, எழுத்துக் கல்வி ஆய்வாளர் மைக் ரோஸ் 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஐவர் எழுத முடியாமல் திணறியவர்கள், ஐவர் தடையின்றி எழுதியவர்கள். திணறியவர்களிடம் அவர் கண்டது திறமைக் குறைவு அன்று. முதல் பத்தியே வாசகரைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒரு வாக்கியம் திருந்தாமல் அடுத்ததற்குப் போகக்கூடாது என்பன போன்ற வளைந்துகொடுக்காத விதிகள். மற்ற ஐவரிடமும் விதிகள் இருந்தன. ஆனால் உதவாத விதியை அவர்கள் விட்டுவிட்டார்கள்.

எழுதும்போதே திருத்துவதுதான் தவறுகளில் தலையானது என்பது என் கருத்து. தமிழில் எழுதுபவர் இதில் இன்னும் எளிதாக விழுகிறார். இங்கே ஒற்று மிகுமா, 'வேலைத்திட்டம்' என்பதைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா, 'டெட்லைன்' என்பதற்குத் தமிழில் என்ன என்று ஒவ்வொரு சொல்லிலும் நின்று விசாரித்தால், சொல்ல வந்தது பாதி வழியில் மறந்துபோகிறது. 'கெடு' நினைவுக்கு வராவிட்டால் 'டெட்லைன்' என்றே போட்டு, அடியில் கோடிட்டுவிட்டு மேலே செல்லலாம். எழுத்துத்தமிழின் விறைப்பே தடையாக இருந்தால், முதல் படியை நண்பரிடம் சொல்வதுபோலப் பேச்சுத்தமிழில் எழுதி, பிறகு மாற்றிக்கொள்வதில் குற்றம் எதுவும் இல்லை. சந்திப்பிழை பார்ப்பது அவசியமான வேலைதான் (அதைப் பார்க்காமல் வெளியிடுபவர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு), ஆனால் அது மறுநாள் வேலை.

இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போடுவது, உழைப்பைப் போலவே தோன்றுவதால் கண்டுபிடிக்கக் கடினமான தவறு. உண்மையிலேயே விஷயம் போதவில்லையா, அல்லது படிப்பு ஓர் ஒளிவிடமா என்பதை அறிய, எழுத நினைத்ததை ஒருவரிடம் ஐந்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். தங்குதடையின்றிச் சொல்ல முடிந்தால் குறை விஷயத்தில் இல்லை. ஓரிடத்தில் தடுமாறினால், தேட வேண்டியது அந்த ஓரிடத்துக்கானதை மட்டுமே.

மனநிலை கூடி வரட்டும் என்று காத்திருப்பதும் பயன் தருவதில்லை. உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், தோன்றும்போது மட்டும் எழுதியவர்களைவிட, கட்டாயத்தின் பேரில் ஒழுங்காக எழுதியவர்கள் அதிகப் பக்கங்கள் எழுதியதோடு, புதிய எண்ணங்களையும் அதிகமாகப் பெற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்துவிடுவோம் என்ற வீராப்பு இதன் மறுபக்கம்; அந்த நாள் வீணானால் அடுத்த ஞாயிறு வரை குற்றவுணர்வுதான் மிச்சம். அதைவிட நாள்தோறும் அரைமணி நேரம் எழுதி, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டால், மறுநாள் வெற்றுப் பக்கத்தின் முன் உட்கார நேராது.

இவையெல்லாம் எழுத்து மட்டும் நின்றிருக்கும்போதுதான் பொருந்தும். தூக்கமும் பசியும் குறைந்து, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அதை எழுத்துத் தடை என்று பெயரிட்டு மேசை முன் போராடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.