மாவுத் தூக்கின் உயரம் தெரியாமல் ஃபிரிட்ஜ் வாங்கப் போகாதீர்கள்

கடையின் அகலமான கூடத்தில் டபுள் டோர் ஃபிரிட்ஜ் அடக்கமாகத்தான் தெரியும். அதே பெட்டி மும்பையில் செம்பூரிலோ தாராவியிலோ ஒரு சின்னச் சமையலறைக்குள் வரும்போதுதான் வம்பு ஆரம்பிக்கும். நிறுத்தப்போகும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது. சொசைட்டி லிஃப்ட் கதவு, மாடிப்படித் திருப்பம், சமையலறை வாசல் எல்லாவற்றிலும் டேப் பிடியுங்கள். இரு கதவும் பக்கம் பக்கமாக உள்ள சைட்-பை-சைட் மாடல்கள் சுமார் 90 செ.மீ. அகலம், 75 செ.மீ. வாசலில் நேராக நுழையாது, பக்கவாட்டில் திருப்ப நடையில் இடம் வேண்டும். கீல் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டினால் கதவு முழுதாகத் திறக்காது, காய்கறி ட்ரே பாதியில் இடிக்கும்.

இப்போது பல மாடல்களில் பின்புறக் கறுப்புக் கம்பிவலை கிடையாது. சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கத் தகட்டுக்குள் ஓடுகிறது. அதனால் பக்கம் சுடுவது பழுதல்ல. ஆனால் இடைவெளி விடாமல் அலமாரிக்குள் திணித்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். பின்னாலும் இருபுறமும் 5 முதல் 10 செ.மீ. விடுங்கள். அளக்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அடுத்த தவறு, லிட்டரை நம்புவது. மொத்தக் கொள்ளளவு வேறு, பொருள் வைக்கக் கிடைக்கும் கொள்ளளவு வேறு. லேபிளில் இரண்டாவதைப் பாருங்கள். டபுள் டோரில் கிட்டத்தட்ட கால்வாசி ஃபிரீசருக்கே போய்விடும். ஐஸ் தவிர அங்கே எதையும் வைக்காத வீட்டுக்கு அது காலி இடம்தான். நம் வீடுகளில் இடத்தை அடைப்பது இட்லி மாவு. தூக்கை மூடியோடு அளந்துகொண்டு போய், ஷெல்ஃபுகளுக்கு நடுவே டேப் வைத்துப் பாருங்கள். தட்டைக் கழற்றி மேலே கீழே மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். கம்பித் தட்டில் சின்னக் கிண்ணங்கள் சாயும். கனமான கண்ணாடித் தட்டு நல்லது.

சிங்கிள் டோரில் பெரும்பாலும் டைரக்ட் கூல்தான், அதாவது விசிறி இல்லாமல் குளிரூட்டும் முறை. விலை குறைவு, ஆனால் பனிக்கட்டி படியும். மும்பை மழைக்காலத்தில் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போவதால் சீக்கிரமே படியும். அதைக் கத்தியால் குத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! குழாய் ஓட்டையாகி கேஸ் போனால் செலவு பெரிது. ஃபிராஸ்ட் ஃப்ரீயில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் உள்ளே விசிறி சுற்றுவதால் மூடாமல் வைத்த சாதமும் கொத்தமல்லியும் காய்ந்துபோகும்.

'இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்' என்றால் கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு மட்டுமே. பேட்டரி எதுவும் உள்ளே இல்லை.

மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். அதற்கான அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய லேபிளின் 5 நட்சத்திரமும் புதிய லேபிளின் 5 நட்சத்திரமும் ஒன்றல்ல. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று லேபிளிலேயே இருக்கும். ஒன்றில் 160, இன்னொன்றில் 220 என்றால், யூனிட்டுக்கு 10 ரூபாய் வைத்தாலும் ஆண்டுக்கு 600 ரூபாய்தான் மிச்சம். விலை வித்தியாசம் 6,000 என்றால் அதை எடுக்கப் பத்து வருடம் ஆகும்.

'பத்து வருட வாரண்டி' பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். கேஸ் நிரப்புவது, கூலி எல்லாம் அதில் சேருமா என்று பில் போடும் முன் கேளுங்கள். டெலிவரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறியிருக்கும். அது கீழே இறங்க, நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விடுங்கள்.