ஒப்புதலுக்குப் பிறகு மாறும் பாயிண்ட்: அப்ரூவல் கட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயில் முகவரியைத் தப்பாக அடிப்பது, பட்டனின் பெயரில் எழுத்துப்பிழை விடுவது எல்லாம் இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம். சேலம் பக்கம் மில்லிலும் எஸ்டேட்டிலும் மென்பொருளில் பில்லுக்கு அப்ரூவல் கட்டங்கள் அமைக்கும் புதியவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு. உதாரணங்கள், கணக்கும் கொள்முதலும் பார்க்கும் இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளிலிருந்து. மற்றவற்றில் பெரும்பாலும் பெயர்தான் மாறும்.

ஆள் பெயரில் கட்டம்

'மேனேஜர் பார்க்கணும்' என்பது கட்டத்தின் பெயர் ஆகாது. 'விலை ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று பில்லின் நிலையைச் சொல்லுங்கள். கட்டத்தை ஆளிடம் கொடுக்காமல் ரோலிடம், அதாவது பொறுப்பின் பெயரிடம், கொடுங்கள். ஆள் மாறுவார், ரோல் மாறாது.

எடைக்கும் அப்ரூவல் கேட்பது

சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு வரும் குச்சிக்கிழங்கு, பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கறுக்கத் தொடங்கும், மாவுச்சத்தும் இறங்கும். அந்த லோடை எடைமேடையிலேயே நிறுத்தி, 'முதலாளி அமுக்கினால்தான் உள்ளே' என்று கட்டம் போடுகிறார்கள். எடையும் பாயிண்டும் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) நடந்து முடிந்த விஷயம். அதற்குப் பதிவு போதும், அனுமதி எதற்கு? அனுமதி கேட்க வேண்டியது விலைக்கும் பணம் கொடுப்பதற்கும்தான்.

ஒப்புதலுக்குப் பிறகு திருத்த விடுவது

கையைச் சுடுவது இதுதான். ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். 9 டன், 27 பாயிண்ட், டன்னுக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு 300 ரூபாய். டன் 8,100, மொத்தம் 72,900. மேனேஜரின் வரம்பு 75,000 என்று வைத்திருக்கிறார்கள். அவர் ஒப்புதல் தந்துவிட்டார். சாயங்காலம் புரோக்கர் ஆபீஸ் ஜன்னலில் நின்று, "பாயிண்ட் குறைச்சுப் போட்டுட்டீங்கண்ணா" என்று ஆரம்பிக்கிறார். பில் போடுகிறவர் 27-ஐ 29 ஆக்கி சேவ் செய்கிறார். தொகை 78,300. முதலாளிக்குப் போயிருக்க வேண்டிய பில், 'ஒப்புதல் ஆயிற்று' என்ற பச்சை எழுத்தோடு அப்படியே கேஷியர் முன்னால் வருகிறது. அவர் பச்சையைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்.

ஏன் இப்படி? 75,000-ஐத் தாண்டுகிறதா என்ற நிபந்தனையை மென்பொருள் பார்ப்பது ஒப்புதல் பட்டனை அமுக்கும் அந்த ஒரு நொடியில் மட்டும். பிறகு சேவ் செய்தால் தொகை மாறும், கட்டம் மாறாது. சேவ் செய்ய வழி திறந்திருந்ததற்குக் காரணம் ஒர்க்ஃப்ளோ (கட்டங்களை அமைக்கும்) பக்கத்தின் ஸ்டேட்ஸ் அட்டவணை. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் டாக் ஸ்டேட்டஸ் என்று ஓர் எண் உண்டு: 0 டிராஃப்ட் (திருத்தலாம்), 1 சப்மிட் (பூட்டியாயிற்று), 2 கேன்சல். 1 போட்டால் திருத்த முடியவில்லை என்று ஆபீஸில் புலம்புவார்கள் என்பதற்காக எல்லாக் கட்டத்துக்கும் 0 போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில், யார் திருத்தலாம் என்று சொல்லும் 'ஒன்லி அலவ் எடிட் ஃபார்' பத்தியில் எல்லா வரிசையிலும் பில் போடுகிறவரின் ரோல்.

இதற்கு மருந்து என்று இன்னொரு அப்ரூவல் கட்டத்தைச் சேர்ப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எரிச்சல் வரும். குடத்தின் அடியில் ஓட்டை; இவர்கள் வாய்க்கு இன்னொரு மூடி தேடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். காத்திருக்கும் கட்டத்தில் திருத்தும் உரிமையைப் பில் போடுகிறவரிடமிருந்து எடுத்து, ஒப்புதல் தருபவரின் ரோலுக்கு மாற்றுங்கள். கடைசி ஒப்புதல் கட்டத்துக்கு டாக் ஸ்டேட்டஸ் 1 வையுங்கள். எடை, பாயிண்ட், விலை ஆகிய மூன்று ஃபீல்டிலும் 'அலவ் ஆன் சப்மிட்' (சப்மிட் ஆன பிறகும் திருத்த விடுவது) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். உண்மையிலேயே பாயிண்ட் தப்பு என்றால் கேன்சல் செய்து அமெண்ட் போடட்டும். பில் எண்ணுக்குப் பின்னால் -1 சேர்ந்து புது பில்லாக முதல் கட்டத்திலிருந்து நடந்து வரும். இரண்டு நிமிடம் கூடுதல். 5,400 ரூபாய்க்கு அது அதிகமில்லை.

பர்ச்சேஸ் ஆர்டரில் 'அப்டேட் ஐட்டம்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. சப்மிட் ஆன பிறகும் அளவையும் விலையையும் மாற்றுவதற்கென்றே வைத்தது. பில் போடுகிறவரின் லாகினில் நுழைந்து, அது எதுவரை விடுகிறது என்று நீங்களே அமுக்கிப் பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில் செய்யும் சோதனை சோதனையே இல்லை. அதற்கு ரோல் தடை எதுவும் தெரியாது.

சரியாக 75,000 வந்தால்?

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் விதிகள் உள்ள டிரான்சிஷன் அட்டவணையில், 75,000-க்குக் 'குறைவு' என்று ஒரு வரி, 'அதிகம்' என்று ஒரு வரி போடுகிறார்கள். சரியாக 75,000 ரூபாய் பில்லுக்குப் பட்டனே வராது. 74,999, 75,000, 75,001 மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

தன் பில்லுக்குத் தானே ஒப்புதல்

'அலவ் செல்ஃப் அப்ரூவல்' டிக் போட்டபடியேதான் வரும். எடுத்துவிடுங்கள்.

ஆபீஸ் முழுக்க ஒரே லாகின்

அப்படியானால் அப்ரூவலே வேண்டாம், நோட்டுப் புத்தகம் போதும்.

'நிராகரி' மட்டும் வைப்பது

வண்டி எண் தப்பான பில்லும் போலி பில்லும் ஒரே குழியில் விழும். 'திருத்தி அனுப்பு' தனியாக வேண்டும். அது முதல் கட்டத்துக்குத் திரும்பட்டும்.

மலையில் இருப்பவருக்காகக் காத்திருப்பது

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் வாரக் கூலிப் பட்டியல் தங்கக் கூடாது. காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்டும் சிக்னலும் ஒன்றாகப் போகும். ஒரு டிக்குக்காக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக முடியாது. டிரான்சிஷன் அட்டவணையில் அதே கட்டத்துக்கு இரண்டாவது வரி சேர்த்து, மாற்று ரோல் ஒன்றை வரம்புத் தொகையோடு கொடுங்கள். மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் அப்ரூவல் அமைப்பவர்கள் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும்: பதில் வராத அப்ரூவல் 30 நாளில் காலாவதியாகி நின்றுவிடும். அதை ஒப்புதல் என்றும் எடுக்க முடியாது, நிராகரிப்பு என்றும் எடுக்க முடியாது. கூலிப் பட்டியலுக்கு இரண்டாம் நாளே நினைவூட்டல் போகும்படி வையுங்கள். மூன்றாம் நாள் மாற்று ரோலுக்குப் போகட்டும்.