மொபைல் ஹோமில் குழாய் உடைந்தால்: பதற்றத்தில் செய்யக்கூடாத தவறுகள்

சாதாரண வீட்டுக்கென்று சொல்லப்படும் பிளம்பிங் அறிவுரைகளை அப்படியே மொபைல் ஹோமில் கடைப்பிடித்தால் சிக்கல்தான். தொழிற்சாலையில் கட்டி இழுத்து வந்து, அமெரிக்காவில் பார்க்குகளிலும் (இவற்றுக்கென்றே மனைகளை வாடகைக்கு விடும் வளாகங்கள்) தனி மனைகளிலும் நிறுத்தப்படும் இந்த வீடுகள் பெரும்பாலும் இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டு, கான்கிரீட் கட்டைகளில் தாங்கி நிற்பவை. தண்ணீர்க் குழாய்கள் சுவர்களுக்குள் ஓடுவதைவிடத் தரைக்கு அடியில்தான் அதிகம் ஓடுகின்றன. தரைப் பலகைக்குக் கீழே மரச் சட்டங்கள், அவற்றின் நடுவே குழாய்கள், பல வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸிலிருந்து சூடான காற்று போகும் டக்ட், அதற்குக் கீழே கண்ணாடி இழைப் பஞ்சு, எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் கறுப்புத் தாள். இந்த அடிப்பகுதியைப் பெல்லி என்கிறார்கள். குழாய் இதற்குள் உடைந்தால் வீட்டுக்குள் ஒரு சொட்டுகூடத் தெரியாமல் மணிக்கணக்கில் தண்ணீர் தேங்கலாம். மொபைல் ஹோமில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தை மறப்பதால் வருபவை.

மெயின் வால்வை அந்த நேரத்தில் தேடுவது

தண்ணீர் பீறிட்டால் முதலில் மெயின் வால்வை மூட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. மொபைல் ஹோமில் அதற்கு ஒரே இடம் என்று கிடையாது. வாட்டர் ஹீட்டர் இருக்கும் அலமாரிக்குள் இருக்கலாம், படுக்கையறை கிளாசெட்டின் மூலையில் இருக்கலாம், வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மறைக்கும் ஸ்கர்ட்டிங் பலகைகளுக்கு உள்ளே தரையிலிருந்து குழாய் மேலேறும் இடத்தில் இருக்கலாம். சில பழைய வீடுகளில் வீட்டுக்கென்று தனி வால்வே இருக்காது. மீட்டர் பெட்டியில் உள்ளது மட்டும்தான். இன்னொரு குறை, பல பழைய மொபைல் ஹோம்களில் சிங்க்குக்கும் டாய்லெட்டுக்கும் அடியில் தனித்தனி வால்வு வைத்திருக்க மாட்டார்கள். ஒரு குழாய் ஒழுகினாலும் வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில் அந்தச் சிறு வால்வுகளைப் போட்டுக்கொள்வதுதான் இந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்பது என் அபிப்பிராயம்.

வால்வைக் கண்டுபிடித்த பிறகும் ஒரு தவறு நடக்கும். பல வருடங்களாகத் திருப்பாத பழைய கேட் வால்வு இறுகிப் போயிருக்கும். அதை ரெஞ்ச் போட்டு முழு பலத்தோடு திருப்பினால் உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிடும், அப்புறம் அதை மூடவும் முடியாது. கைக்கு அசையாவிட்டால் நேராக மீட்டரில் உள்ள வால்வுக்குப் போய்விடுங்கள். பார்க்கில் இருந்தால் மேனேஜரின் அவசர எண் கைபேசியில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

வாட்டர் ஹீட்டரை மறப்பது

மெயினை மூடியதும், குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடிக்க எல்லாத் திருகு குழாய்களையும் திறந்துவிடுவார்கள். மின்சார வாட்டர் ஹீட்டரின் பிரேக்கர் போட்டபடியே இருக்கும். டேங்கில் தண்ணீர் இறங்கி, தண்ணீரைச் சூடாக்கும் மேல் எலிமென்ட் காற்றில் நின்றால், சிறிது நேரத்திலேயே அது எரிந்து போகும். ஆகவே பிரேக்கரை அணைத்த பிறகே வடிக்க வேண்டும். கேஸ் ஹீட்டர் என்றால் குமிழைச் சிறு சுடர் மட்டும் எரியும் பைலட் நிலைக்கோ முழுவதுமாக அணைக்கும் நிலைக்கோ கொண்டுவர வேண்டும்.

ஹீட்டரின் பக்கவாட்டிலோ மேலேயோ இருக்கும் பாதுகாப்பு வால்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். அழுத்தம் 150 பிஎஸ்ஐ அல்லது வெப்பம் 210 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் திறந்துகொள்ளும்படி அமைந்தது அது. அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று சிலர் அதன் வாயை மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். இதைவிட ஆபத்தான காரியம் இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் இல்லை, டேங்க் வெடிக்கக்கூடும். சொட்டுகிறது என்றால் வால்வு பழுதாகியிருக்கலாம், அல்லது அழுத்தம் ஏறியிருக்கலாம். எதுவானாலும் ஹீட்டரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஹீட்டரையே மாற்ற நேர்ந்தால், மொபைல் ஹோமுக்கு அனுமதிக்கப்பட்டது என்று லேபிளில் எழுதியிருப்பதையே வாங்குங்கள். இந்த வீடுகளில் கேஸ் ஹீட்டர் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும், வீட்டுக்குள் இருக்கும் காற்றோடு அதற்குத் தொடர்பு இருக்கக் கூடாது என்பது விதி. சாதாரண ஹீட்டரை வைத்தால் கார்பன் மோனாக்சைடு அபாயம் உண்டு.

பெல்லிக்கு அடியில் போய்ப் படுப்பது

தண்ணீரை நிறுத்தியாயிற்று. அடுத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போவார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஈரத் தரையில் படுக்கப் போகிறீர்கள், தலைக்கு மேலே தண்ணீரில் ஊறிய பகுதியில் மின்கம்பிகளும் போகின்றன. முதலில் மின்சாரத்தை அணைக்க வேண்டும். மொபைல் ஹோம்களில் மெயின் சுவிட்ச் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, பக்கத்தில் உள்ள கம்பத்தில் இருக்கும். உள்ளே இருப்பது துணைப் பெட்டிதான். அந்தக் கம்பத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தால் கிட்டவே போகாமல் மின் நிறுவனத்தை அழையுங்கள். புரொப்பேன் வாடை அடித்தாலும் உள்ளே போகக் கூடாது. அது காற்றைவிடக் கனமானது, ஸ்கர்ட்டிங் அடைத்த அந்தத் தாழ்வான இடத்தில்தான் வந்து தங்கும்.

கறுப்புத் தாள் எங்காவது தொப்பையாகத் தொங்கினால் தண்ணீர் அங்கே நிற்கிறது என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. நூறு லிட்டர் தேங்கியிருந்தால் நூறு கிலோ, அதோடு ஊறிய பஞ்சின் கனமும் சேரும். அதற்கு நேர் கீழே படுத்துக் கத்தியால் கிழித்தால் மொத்தமும் முகத்தில் கொட்டும். பக்கவாட்டில் தள்ளி நின்று, நீளமான கம்பியால் தொங்கும் இடத்தில் சிறு துளை போட்டு வடிய விடுங்கள். முழுவதும் வடிந்த பிறகுதான் தாளை வெட்டித் திறந்து உடைந்த இடத்தைத் தேட வேண்டும். தண்ணீர் தொங்கும் இடத்துக்கு நேர் மேலேதான் உடைப்பு இருக்கும் என்றும் நம்பாதீர்கள். அது தாளின் மேல் ஓடிப் பள்ளமான இடத்தில் சேரும், உடைப்பு பல அடி தள்ளி இருக்கலாம்.

டக்டுக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்று தரையில் உள்ள காற்றுத் துளைகளின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். போயிருந்தால் ஃபர்னஸை ஓட்டக் கூடாது.

அப்புறம் வருவது, இந்த வீடுகளை உண்மையிலேயே அழிக்கும் தவறு. குழாயைச் சரிசெய்த அன்றே, ஊறிய பஞ்சை உள்ளேயே விட்டுவிட்டுத் தாளை டேப் போட்டு மூடிவிடுவது. ஈரமான கண்ணாடி இழை வெப்பத்தைத் தடுக்காது, ஈரத்தை மட்டும் பிடித்து வைத்திருக்கும். மேலே உள்ள தரை, பழைய வீடுகளில் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த அந்தப் பலகை ஈரம் பட்டால் உப்பி, பிறகு உதிர ஆரம்பிக்கும். டாய்லெட்டைச் சுற்றியும் ஹீட்டர் அலமாரியிலும் கால் வைத்தால் தரை அமுங்குவது இப்படித்தான். ஈரமான பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்தால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. ஊறிய பஞ்சை வெளியே எடுத்துப் போட்டு, ஸ்கர்ட்டிங் பலகைகளில் சிலவற்றைக் கழற்றி, ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். மூடுவதற்குச் சில நாள் ஆனாலும் பரவாயில்லை.

குளிர்காலத்தில் செய்யும் தவறுகள்

மொபைல் ஹோமில் குழாய் உடைவதற்குப் பெரிய காரணம் உறைபனி. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடைகிறது. ஆனால் பல நேரம் குழாயை உடைப்பது பனிக்கட்டி நேரடியாகத் தள்ளுவதல்ல. கட்டிக்கும் மூடிய திருகு குழாய்க்கும் இடையில் அகப்பட்ட தண்ணீரில் ஏறும் அழுத்தம்தான் உடைக்கிறது. குளிர் இரவுகளில் திருகு குழாயைச் சற்றே திறந்து வைக்கச் சொல்வது அதனால்தான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய குளிரில் ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. பனிக்கு அவ்வளவாகப் பழகாத தென் மாநிலங்களில் இருப்பவர்களும் இதைத் தங்களுக்கு இல்லாத பிரச்சினை என்று தள்ளிவிட முடியாது.

ஹீட்டிங் செலவைக் குறைக்க ஃபர்னஸை அணைத்துவிட்டு, இருக்கும் அறையில் மட்டும் ஒரு சிறு மின் ஹீட்டரை வைத்துக்கொள்வது பலரும் செய்வது. சாதாரண வீட்டில் இது ஓரளவுக்குச் சரி. தரைக்கு அடியில் டக்ட் ஓடும் மொபைல் ஹோமில், அந்த டக்டிலிருந்து கசியும் வெப்பம்தான் பக்கத்தில் போகும் குழாய்களையும் உறையாமல் வைத்திருக்கிறது. ஃபர்னஸ் நின்றால் அறை கதகதப்பாக இருக்கும், பெல்லி உறைந்துபோகும். ஊருக்குப் போகிறவர்கள் தெர்மோஸ்டாட்டை முற்றிலும் அணைத்துவிட்டுப் போவதும் இதே தவறுதான்.

குழாய் உறைந்துவிட்டது, ஆனால் இன்னும் வெடிக்கவில்லை என்றால், எரிவாயு டார்ச்சையோ நெருப்புள்ள வேறு எதையுமோ வீட்டுக்கு அடியில் கொண்டுபோகக் கூடாது. காய்ந்த மரம், தாள், தூசி என்று எல்லாமே தீப்பிடிக்கக்கூடிய இடம் அது, தவழ்ந்து வெளியே வருவதற்குள் காலம் கடந்துவிடும். ஹேர் டிரையர் போதும். முதலில் திருகு குழாயைத் திறந்து வைத்து, அதன் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கிச் சூடு காட்டுங்கள். அப்போதுதான் உருகும் தண்ணீரும் நீராவியும் வெளியேற வழி இருக்கும். உருகும்போதுதான் விரிசலும் வெளிப்படும். எனவே மெயின் வால்வுக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்திவைப்பது நல்லது.

குழாய் உறையாமல் சூடாக்கும் மின் நாடாவான ஹீட் டேப்பைச் சுற்றியிருப்பவர்கள் அது இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: மொபைல் ஹோமுக்கென்று சான்று பெற்றதா, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிச் சுற்றியிருக்கிறதா, மேலுறையில் வெடிப்பு இருக்கிறதா. மேலே மேலே சுற்றிய டேப் சூடேறித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. குளிர் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், பழையது என்றால் மாற்றிவிடுங்கள்.

எந்தக் குழாய் என்று பார்க்காமல் ஒட்டுவது

1978 முதல் 1995 வரை கட்டிய வீடுகளில் சாம்பல் நிறக் குழாய் இருந்தால் அது பெரும்பாலும் பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக். தண்ணீரில் கலக்கும் குளோரின் போன்ற பொருட்களால் அதுவும் அதன் இணைப்புகளும் நொறுங்கும் தன்மை அடைவதால்தான் அதைக் கைவிட்டார்கள். இப்போது கிடைக்கும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாயின் இணைப்புகள் அதற்கு அப்படியே பொருந்தாது. இரண்டையும் இணைக்க அதற்கென்றே செய்த கப்ளிங் வேண்டும். அளவு சரியாக இருப்பது போலத் தோன்றுகிறது என்று மாட்டினால் இரண்டு வாரத்தில் அதே இடத்தில் ஒழுகலாம். ஓரிடத்தில் வெடித்த பாலிபியூட்டிலீன் குழாய் அடுத்த இடத்தில் வெடிக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முடிந்தால் மொத்தத்தையும் மாற்றத் திட்டமிடுங்கள். ரப்பர் துண்டு வைத்துக் கிளாம்ப் இறுக்குவது இரவைக் கடத்த உதவும். அதை அப்படியே விட்டுப் பெல்லியை மூடக் கூடாது.

கழிவுநீர் திரும்பி வந்தால்

ஒரு சிங்க் மட்டும் அடைத்திருந்தால் பிரச்சினை அந்தச் சிங்கோடு முடியும். ஷவரிலும் டாய்லெட்டிலும் ஒரே நேரத்தில் கழிவுநீர் ஏறினால் அடைப்பு மெயின் லைனில் இருக்கிறது. வாஷிங் மெஷின், டிஷ்வாஷர் உட்பட எல்லாத் தண்ணீரையும் உடனே நிறுத்துங்கள். நீங்கள் விடும் ஒவ்வொரு வாளியும் ஷவர் வழியாகத் திரும்பி வரும். ரசாயன டிரெயின் கிளீனரை ஊற்றுவது இங்கே வீண் வேலை. அது அடைப்பைத் தொடுவதற்கு முன் குழாயில் தேங்கி நிற்கும், பிறகு ஸ்பிரிங் விட்டு எடுக்க வரும் பிளம்பர் மேல் தெறித்தால் தோலையும் கண்ணையும் எரிக்கும். ஊற்றியே விட்டீர்கள் என்றால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் வீடு சமமாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாங்கும் கட்டைகள் மண்ணில் இறங்கினால் கழிவுக் குழாயின் சரிவும் கெட்டுவிடும்.

யாரிடம் எதைச் சொல்வது

எல்லா பிளம்பர்களும் மொபைல் ஹோம் வேலையை எடுப்பதில்லை. அழைக்கும்போதே மொபைல் ஹோம் என்றும், கட்டிய வருடம், குழாயின் வகை, அடியில் போகும் வழி எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும். 1976 ஜூன் 15-க்குப் பிறகு கட்டிய வீடுகள் ஹட் எனப்படும் அமெரிக்க வீட்டுவசதித் துறையின் கூட்டாட்சி விதிகளின் கீழ் வருபவை. வெளிச்சுவரில் சிறிய சிவப்பு உலோகத் தகடு இருக்கும். விவரத் தாள் உள்ளே சமையலறை அலமாரியிலோ கிளாசெட்டிலோ மின்பெட்டிக்குப் பக்கத்திலோ ஒட்டியிருக்கும்.

பார்க்கில் இருப்பவர்கள், பொதுவாக மனையின் இணைப்பு வரை பார்க்கின் பொறுப்பு, அதற்கு மேல் வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதை நினைவில் வைத்து, ஒப்பந்தத்தில் சரியான எல்லை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸுக்கு, ஊறிய பஞ்சைத் தூக்கி எறியும் முன்பே படம் எடுங்கள், வெட்டியெடுத்த குழாய்த் துண்டையும் வைத்திருங்கள். திடீரென்று உடைந்ததற்குப் பெரும்பாலும் பணம் கிடைக்கும். மாதக்கணக்கில் கசிந்ததற்குக் கிடைப்பது கடினம். அந்த வித்தியாசத்தைக் காட்டப் படங்கள் வேண்டும்.

தண்ணீரைத் திரும்ப விடும்போது

வேலை முடிந்த சந்தோஷத்தில் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். கால் திருப்பு திருப்பி நிறுத்தி, ஒரு திருகு குழாயைத் திறந்து வைத்துக் காற்று வெளியேற விடுங்கள். வெந்நீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வந்தால்தான் ஹீட்டர் டேங்க் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகே அதன் பிரேக்கரைப் போட வேண்டும். பின்பு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருங்கள். எண் நகர்ந்திருந்தால் இன்னொரு கசிவு இருக்கிறது. நகராமல் இருந்து, தரையும் சட்டங்களும் காய்ந்துவிட்டன என்றால் புதுப் பஞ்சு வைத்து, பெல்லித் தாளுக்கென்று விற்கும் டேப்பால் மூடலாம்.